அழ வந்த புள்ள

பூங்காவனத்துக்குப் பாட்டே கிடையாது என்று இயந்திரம் சொல்லிவிட்டது.

மாளவிகா அதை அப்படிச் சொல்லவில்லை. பதவிசாகத் தலையைச் சாய்த்து, "சரியான திறவுகோல் இன்னும் அமையல எழில்" என்றாள். எழிலரசிக்கு இந்தப் பேச்செல்லாம் ஆகாது. சுரங்க ரயிலில் சிக்னல் பிரிவுப் பொறியாளர் அவள். சிவப்பு எரிந்தால் சிவப்பு என்று சொல்ல வேண்டும். பச்சை இன்னும் அமையவில்லை என்று குழைந்துகொண்டு நின்றால் வண்டியும் வண்டியும் மோதும்.

"பாட்டே இல்லன்னு சொல்லுதா?"

"ஆமா" என்றாள் மாளவிகா.

கேளம்பாக்கத்துக்கு அப்பால், மறதி நோய்க்காரர்களுக்கென்றே கட்டிய இல்லம் அது. வேர்மனை என்று பெயர். மாளவிகா அங்கே பாட்டுச் சிகிச்சை பார்க்கிறவள். அங்கே எல்லோர் தலையிலும் ஒரு காதிலிருந்து மறு காது வரை மெல்லிய வளையம் ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் மீட்டி. வீணையையும் மீட்டலாம், போன பொருளையும் மீட்கலாம். அந்தக் கம்பெனிக்காரனுக்குப் பேர் வைக்கத் தெரிந்திருந்தது. வளையம் ஒரு மெட்டைத் துளித் துளியாகக் காதில் விடும். மூளை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்க்கும். சாய்ந்த பக்கமாக மெட்டை வளைக்கும். அப்படியே போய்ப் போய், அந்த மனுஷருக்குள் ஆழத்தில் கிடக்கும் பாட்டை முட்டிவிட்டால் கதவு திறந்துகொள்ளும். பாட்டு ஓடும்வரை, ஓடி முடிந்து இன்னும் சற்று நேரம் வரை, அவர் திரும்பி வந்துவிடுவார். பெண்டாட்டி பேர் தெரியும், பிள்ளை முகம் தெரியும், போட்ட சண்டைகூட ஞாபகம் வரும். ரிடயர்டு நீதிபதி ஒருவர் கச்சேரிக் கீர்த்தனை ஒன்றைக் கேட்டு எழுந்து உட்கார்ந்து, மகனைப் பார்த்து, என்னடா இப்படிப் பெருத்துட்டே என்று கேட்டாராம். மகன் அங்கேயே உட்கார்ந்து அழுதானாம். மாளவிகா இதை எல்லோருக்கும் சொல்வாள்.

சேர்க்கும்போதே கேட்டார்கள். அம்மாவுக்கு எந்தப் பாடகர் பிடிக்கும், எந்த ராகம் பிடிக்கும், ரேடியோவில் விரும்பிக் கேட்டது என்ன. எழிலரசிக்குச் சுறுசுறுவென்று ஏறியது. "பாட்டு கேக்கணும்னா மொதல்ல உக்காரணும் மேடம். எங்கம்மா உக்காந்து நான் பாத்ததில்ல" என்றாள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவள் பூங்காவனம். புருஷன் குடித்துச் செத்தபின் ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் எழிலரசியுடையது. வீட்டில் இலவச டிவி இருந்தது. அது பாடும்போது பூங்காவனம் தூங்கிக்கொண்டிருப்பாள். 

அம்மாவாவது பாடுவாங்களா என்று மாளவிகா அன்று கேட்டிருந்தாள். தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஏதாவது? பாடமாட்டாங்க என்று எழிலரசி சொன்னாள். யோசித்துத்தான் சொன்னாள்.

இருந்தும் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். திருவிழா ஒலிபெருக்கிப் பாட்டு, அம்மன் பாட்டு, அந்தக் காலத்து சினிமா. பூங்காவனத்தின் மூளை எந்தப் பக்கமும் சாயவில்லை. கல்லுளிமங்கி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பாட்டுள்ளவர்களுக்குத்தான் இந்த ஊரில் ஞாபகம் திரும்பும் போலிருக்கிறது என்று எழிலரசி நினைத்துக்கொண்டாள். பாட்டும் ஒரு சொத்துதான், அதுவும் இல்லாதவர்களுக்கு இல்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது பெரிசாக ஒன்றுமில்லை. அம்மா அவளை ஒரு தரம் 'நீ' என்று சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் அறைக்குள் நுழைந்தவுடன் பூங்காவனம் கட்டிலை விட்டு இறங்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்க மேடம்" என்பாள். பேன்ட் போட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டு வருகிற பொம்பளை அவளுக்கு மேடம்தான். சுரங்கத்தில் கூலி போடுகிற ஆபீஸ் அம்மாளிடம் நின்ற மாதிரியே நிற்பாள். உக்காருங்கம்மா என்றால், இருக்கட்டுங்க என்பாள். பெற்ற தாய் தன்னைப் பார்த்துக் கைகட்டி நிற்பதை ஒருத்தி எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது? அதற்குமுன்னும் அம்மா கொஞ்சினவள் இல்லை. கட்டிப்பிடித்ததில்லை, கன்னத்தைத் தொட்டதில்லை, நல்லா படிக்கிறே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பட்டம் வாங்கிக்கொண்டு வந்து காட்டியபோது தள்ளி நின்று பார்த்துவிட்டு, சோறு இருக்கு போட்டுத் தின்னு என்றாள். ஆனால் அந்தச் சோற்றை 'நீ' என்று சொல்லித்தான் போட்டாள். இப்போது அதுவும் போயிற்று.

பக்கத்து அறையில் சௌந்தரபாண்டியன் என்று ஒருவர். வங்கி மேலாளராக இருந்தவர். தினமும் காலையில் சட்டையை உள்ளே விட்டு, குடையை எடுத்துக்கொண்டு, வாசல் கேட்டருகே போய் நிற்பார். யாருக்காக நிற்கிறார் என்று எழிலரசி கேட்டபோது மாளவிகாவின் முகம் சுருங்கிவிட்டது.

"அவர் மனைவி காலமாயிட்டாங்க. பாட்டு ஓடிட்டிருந்தப்போ, தெளிவா இருந்தவர், அவ எங்கன்னு கேட்டார். மகன் நவநீதனுக்குச் சொல்ல மனசு வரல. சித்தி வீட்டுக்கு மதுரை போயிருக்காங்க, வந்துடுவாங்கன்னு சொல்லிட்டார்."

"சொன்னா என்ன, மறந்துடுவாருல்ல?"

"அதான் மறக்கல. கதவு திறந்திருக்கும்போது நடக்கறது அப்படியே நின்னுடுது எழில். நீங்க சிமென்ட் ஊர்தானே. ஈர சிமென்ட்ல கால் வச்சா எப்படி? பாட்டும் முடிஞ்சு தெளிவும் போனப்பறம் காஞ்சிடும். மத்தது எல்லாம் அவருக்குப் போச்சு. மனைவி வரப்போறாங்கங்கறது மட்டும் போகல. அதனாலதான் இங்க ஒரே சட்டம் வச்சிருக்கோம். பாட்டு ஓடும்போது பொய் சொல்லக்கூடாது."

அந்த சௌந்தரபாண்டியன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செத்துப்போனார். 

வேர்மனையில் சாவைப் பற்றிப் பேசமாட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இட்லி பரிமாறிக்கொண்டிருக்கும்போதே, மெல்லிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே, பின்வாசல் வழியாக வண்டி வந்து கொண்டுபோய்விடும். மறுநாள் அந்தக் கட்டிலில் வேறு விரிப்பு. பூங்காவனத்தின் அறை ஜன்னல் பின்வாசலைப் பார்த்து இருந்தது. எழிலரசி அம்மாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள், அம்மா கூச்சத்தோடு கையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கீழே தள்ளுவண்டிக்குப் பின்னால் நவநீதன் போனான். பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பொய் சொல்லிட்டேன்பா" என்று ஒரு சத்தம் போட்டான். 

பூங்காவனம் கையை உருவிக்கொண்டாள். ஜன்னலண்டை போய்ப் பார்த்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதுகு நிமிர்ந்தது. எங்கிருந்தோ அந்தக் குரல் வந்தது.

*கொடபுடிச்சி வாசலுல – ஐயா*
*கொண்டவள காத்திருந்த*
*கொண்டவ வருமுன்ன – நீ*
*கொடயெங்க மறந்தய்யா*

எழிலரசியின் கையிலிருந்து நகவெட்டி விழுந்தது. சோறு தின்றதை மறக்கிறவள், மகளை மறந்தவள், பக்கத்து அறைக்காரரின் குடையைப் பார்த்து வைத்திருக்கிறாள். வளையத்தின் ஓரத்தில் ஒருபோதும் எரியாத பச்சைப் புள்ளிகளெல்லாம் எரிந்தன. பிறகு ஒரேயடியாகச் சிவப்பு. காதில் புல்லாங்குழல் வழியத் தொடங்கியது, தூங்க வைக்கிற புல்லாங்குழல். அடுத்த அடிக்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. பூங்காவனம் தன் மார்பில் விழுந்து கிடந்த முடியைப் பார்த்தாள்.

"முடி ஏங்க மேடம் அவுந்து கெடக்கு?" என்றாள்.

எழிலரசி மாளவிகாவின் அறைக்கு நடந்து போகவில்லை, ஓடினாள். உன் இயந்திரம் எங்கம்மா வாயை அடைத்துவிட்டது என்று கத்தினாள். மாளவிகா திரையில் அந்த நேரத்துப் பதிவை எடுத்துப் பார்த்தாள். திருப்பி ஓட்டிப் பார்த்தாள்.

"இது அழுகைன்னு எடுத்துக்கிட்டிருக்கு" என்றாள். "அழுகை வந்தா நிறுத்தி ஆறுதல் குடுக்கணும்னுதான் இதுக்குப் பழக்கியிருக்கு. ஆனா இதுல மெட்டு இருக்கே. தாளம் இருக்கே. எழில், உங்கம்மா பாடமாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பாடமாட்டாங்க" என்றாள் எழிலரசி. "அழுவாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஊரில் அதைப் பாட்டு என்று யாரும் சொன்னதில்லை. ஒப்பாரி வைப்பார்கள், பாடமாட்டார்கள். எழவு சொல்லி ஆள் வந்தால் பூங்காவனம் வேலையைப் போட்டுவிட்டு, "போயி அழுதுட்டு வந்துர்றேன்" என்று சொல்லித்தான் கிளம்புவாள், கடைக்குப் போய்விட்டு வருகிற மாதிரி. சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். போகிற வழியிலேயே செத்தவரைப் பற்றி விசாரித்துக்கொள்வாள். உட்கார்ந்தாளென்றால் பங்காளிச் சண்டைக்காரனும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுவான். சின்ன வயதில் எழிலரசியையும் இழுத்துக்கொண்டு போவாள். ஒரு தரம் அழுகைக்கு நடுவில், தூரத்தில் நின்ற சிநேகிதியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள் எழிலரசி. அம்மா அழுகையை நிறுத்தாமலே தொடையில் கிள்ளினாள். வெளியே வந்த பிறகு, ஒப்பாரி நடுவுல உசுரோட இருக்கவ பேர எடுக்காதடி, எடுத்தா அது பொணத்தோட பேரு என்றாள்.

சென்னைக்கு வந்தபின் அம்மாவை யாரும் அழக் கூப்பிடவில்லை. அடுக்குமாடிகளில் செத்தவர்கள் லிஃப்டில் இறங்கிச் சத்தமில்லாமல் போனார்கள். அது எழிலரசிக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அம்மாவின் வாய் அன்றோடு மூடிக்கொண்டது என்பதை அவள் கவனிக்கவில்லை.

இல்லத்துப் பெரிய டாக்டரிடம் மாளவிகாதான் சண்டை போட்டாள். மற்ற குடும்பங்கள் என்ன சொல்லும், சுபமான இடத்தில் சாவுச் சத்தமா என்றாராம் அவர். கடைசியில் துணி துவைக்கிற கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காலி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு செய்வதானால் செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அழுகையை நிறுத்துகிற அந்தச் சிவப்பு விளக்கை மாளவிகா அணைத்து வைத்தாள். போன வாரம் பிடித்த மெட்டை வளையம் தானே வளர்த்தது. பூங்காவனம் கொண்டையை அவிழ்த்தாள். சௌந்தரபாண்டியனுக்கு விட்ட இடத்திலிருந்து அழுது முடித்தாள். அப்பாவின் காரியத்தை முடித்துவிட்டு வந்திருந்த நவநீதன் மூலையில் உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்திருந்தான். முடித்தவுடன் பூங்காவனம் தெளிவாக, கணீரென்று, "ஒரு சொம்பு தண்ணி குடுங்க, தொண்ட வறண்டு போச்சு" என்றாள். மாளவிகாவின் பேரைக் கேட்டாள், இதென்ன பேரு வாயில நுழையல என்று சிரித்தாள். 

எழிலரசி எதிரே போய் உட்கார்ந்தாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க அவரு மவளுங்களா?" என்று கேட்டாள்.

அன்று மாடிப்படியில் உட்கார்ந்து மாளவிகா விளக்கினாள். மற்றவர்களுக்குப் பாட்டு என்பது ஊருக்குப் போகிற பாதை மாதிரி, திறந்தால் எல்லா வீடும் தெரியும். உங்கம்மாவுக்கு அப்படி இல்லை. யாருக்காக அழுகிறார்களோ அவர் வீட்டுக் கதவு மட்டும்தான் திறக்கிறது. மற்றவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

"அப்ப எனக்காக அழுதாத்தான் என்னைத் தெரியும்."

"எழில்."

"செத்துட்டேன்னு சொல்றேன். இப்ப மட்டும் நான் அவங்களுக்கு உசுரோடவா இருக்கேன்?"

"சௌந்தரபாண்டியன் சாரைப் பார்த்தீங்கதானே. அது நிக்கும். பெத்த பொண்ணு செத்துப்போச்சுங்கறதை அவங்க மீதி நாள் முழுக்கச் சுமக்கணும். இது யாருக்காக, சொல்லுங்க. அவங்களுக்கா?"

"எனக்குத்தான்" என்றாள் எழிலரசி. பொய் சொல்ல அவளுக்கு வராது.

மாளவிகா கோபித்துக்கொள்ளவில்லை. வேறு வழி சொன்னாள். பெயரில்லாமல், வெறும் மெட்டை மட்டும் ஓட விடலாம். யாருக்கென்று தெரியாத நேரத்தில் கதவு லேசாகத் திறந்து நிற்கும். அப்போது உண்மையையே சொல்லுங்கள். நான் எழிலரசி, உங்க மக. அவ்வளவுதான். உண்மையும் காய்ந்தால் நிற்கும்தானே? அடுத்த ஞாயிறும் நிற்கும், அதற்கடுத்த ஞாயிறும் நிற்கும்.

எழிலரசிக்கு அந்த வாரம் முழுக்க வேலை ஓடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே, நான் எழிலரசிம்மா, உங்க மக என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலி ஆள், என்ன மேடம் பரீட்சையா என்று கேட்டான். போய்ப் பார்ப்பதற்குப் பழைய சுடிதார் ஒன்றைத் தேடி எடுத்தாள். அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி இரட்டைச் சடைகூடப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தானே அவிழ்த்துவிட்டாள்.

துவைக்கும் கட்டடத்துக்குப் பின்னால், மதிய வெயில் தரையில் விழுந்து கிடந்தது. மெட்டு ஓடியது. பூங்காவனத்தின் முதுகு நிமிர்ந்தது. கண் தெளிந்து அறையைச் சுற்றி வந்தது. பாடை எங்கே, கூட்டம் எங்கே என்று தேடியது.

"யாரு?" என்றாள். "யாரு போனது?"

மாளவிகா தலையசைத்தாள். எழிலரசி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ம்மா. நான் எழிலரசிம்மா."

மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. பூங்காவனத்தின் முகத்தில் ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு அந்த முகம் உடைந்தது.

"எழிலரசியா?" என்றாள். "எம்மவளா?"

அப்போதுதான் எழிலரசிக்குத் தொடையில் பழைய கிள்ளு வலித்தது. ஒப்பாரி நடுவில் எடுத்த பேர். எடுத்தால் அது பிணத்தின் பேர். ஒப்பாரிக்காரி மகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியும். மறந்துவிட்டாள். ஒரு பொய்யும் சொல்லாமல், உண்மையைச் சொல்லியே அவள் அம்மாவுக்குள் செத்துப்போனாள்.

மாளவிகாவுக்கும் ஏதோ தப்பென்று புரிந்துவிட்டது. உடனே மெட்டை நிறுத்தித் தூங்க வைத்துவிட்டால் இது பதியாமல் போய்விடும். அவள் கை விசைக்குப் போயிற்று. எழிலரசி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

பூங்காவனம் மார்பில் அறைந்துகொண்டாள். பிறகு தொடங்கினாள்.

*ஜெயங்கொண்டம் பஸ்ஸேறி – நீ*
*சீருடுப்பு மாட்டிப் போவ*
*செல்லமவ போறதத்தான் – நான்*
*தெருக்கோடி நின்னு பாத்தேன்*

*ஏட்டுல எழுத்தறியேன் – என்*
*எழிலரசி பேரறிவேன்*
*ரோட்டுல போறவுக – உன்*
*மவளான்னு கேக்கயில*
*வாயால சொல்லாம – நான்*
*வயித்துக்குள்ள சிரிச்சேனே*

*சோறு திங்க நேரமில்ல – உனக்குச்*
*சொல்லு மட்டும் கூர்மையடி*
*கோவக்காரி உன்னப் பெத்து – நான்*
*கொலஞ்சி போயி நிக்கிறேனே*

தெருக்கோடியில் அம்மா நின்றாளா? எழிலரசி ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடுவதே வேலையாக இருந்தது. 'நீ' என்றாள் அம்மா. அடிக்கு அடி 'நீ' என்றாள். இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி. உயிரோடிருக்கிறவர்களிடம் சொல்லக் கூச்சப்பட்டதையெல்லாம் சொல்வதற்குத்தான் அந்தப் பொம்பளைகளுக்குச் சாவு வீடு இருந்தது.

*கல்லொடச்ச கையி இது – உன்னக்*
*கட்டிப்புடிக்கக் கூசிநின்னேன்*
*காப்புக்காச்ச கை பட்டா – உன்*
*கன்னமது நோவுமின்னு*

*தொடாம வளத்தவள – இப்பத்*
*தொட்டழுவ ஒடம்பில்லையே*

எழிலரசி வாய்விட்டு அழுதாள். இல்லத்துச் சட்டம், பெரிய டாக்டர், மாளவிகா, எதுவும் ஞாபகமில்லை. பக்கத்தில் ஒருத்தி அழுகிற சத்தம் கேட்டுப் பூங்காவனம் திரும்பினாள். எழவு வீட்டில் அழ வந்தவளைத் தனியே அழ விடமாட்டார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் அழுவார்கள். பூங்காவனம் நகர்ந்து வந்து எழிலரசியின் கழுத்தில் கையைப் போட்டு இழுத்து, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மறு கையால் கன்னத்தைத் துடைத்தாள். அந்தக் கையில் காப்பு இன்னும் போகவில்லை. நோகவில்லை.

"நீ யாரு பெத்த புள்ளையோ" என்றாள் பூங்காவனம். "எம்மவளுக்கு அழ வந்தியே."

மெட்டு நின்றபின்னும் வெகுநேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு மாளவிகா பூங்காவனத்தை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்துவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. 

"நிறுத்தியிருக்கலாம். ஏன் என் கையைப் பிடிச்சீங்க?"

"என்னை நீன்னு சொன்னாங்க மேடம்" என்றாள் எழிலரசி.

அதை அழிக்க முடியுமா என்று ஒரு முறை முயன்று பார்த்தார்கள். மறுபடி மெட்டை ஓடவிட்டு, உன் மகள் சாகவில்லை, இதோ இருக்கிறாள் என்று விளக்கமாகச் சொல்வதாகத் திட்டம். மெட்டு காதில் விழுந்ததும் பூங்காவனம் வளையத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டாள். அழுதாச்சு என்றாள். "ஒருத்திக்கு ரெண்டு தடவ அழக்கூடாது. அழுதா அவ போவ மாட்டா, வாசப்படியிலயே நிப்பா." எழிலரசி அப்போது வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள். 

ஆனால் மாளவிகா சொன்னது பொய்யில்லை. காய்ந்தது நின்றது. 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழிலரசி தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்தபோது பூங்காவனம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்தவில்லை. நகர்ந்து இடம் விட்டாள். "வந்தியா புள்ள, வா, இப்படி உக்காரு" என்றாள். இட்லி தின்றாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. அது என்ன ஊர் என்று தெரியவில்லை. தன் பேர்கூடச் சில நாள் தெரியவில்லை. இந்தப் பெண் தன் மகளுக்கு அழ வந்தவள் என்பது மட்டும் தெரிந்தது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் மகள் கதைதான். எம்மவ ரயிலுக்கே வெளக்கு போட்டவ, தெரியுமா உனக்கு? பூமிக்கடியில ஓடுற ரயிலு. அவ பச்ச போட்டாத்தான் நவுரும். பாவிமவ போயிட்டா. சொல்லும்போது கண் நிறையும். எழிலரசி அந்தக் கண்ணைத் துடைத்துவிடுவாள். அந்தக் கண்ணீருக்குத் தான்தான் காரணம் என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சில் முள் ஏறும். அடுத்த ஞாயிறு வரமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு போவாள். வருவாள். தன்னைப் பற்றித் தன் அம்மா பேசுவதைக் கேட்க, உலகத்தில் வேறெந்த மகளுக்கும் வாய்க்காத இடத்தில் உட்கார்ந்திருந்தாள் அவள். அம்மாவின் மகளாக மட்டும் அங்கே உட்கார முடியாது.

ஒரு நாள் பூங்காவனம் அவள் தலையில் பேன் பார்ப்பது போல விரலை விட்டு அளைந்துகொண்டே கேட்டாள்.

"உன்னப் பெத்தவ இருக்காளா?"

"இருக்காங்க."

"நல்லா இருக்காளா?"

"என்னைத்தான் அவங்களுக்கு அடையாளம் தெரியல."

பூங்காவனம் உச்சுக்கொட்டினாள். பாவம் என்றாள். பிறகு எழிலரசியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எவளும் வராதப்ப நீ வந்து எம்மவளுக்கு அழுத. நான் மறக்க மாட்டேன். உங்காத்தாளுக்கு ஒண்ணுன்னா எனக்குச் சொல்லியனுப்பு. எங்கருந்தாலும் வந்து அழுவுறேன். அவ பேரென்ன சொல்லு. பேரு தெரிஞ்சாத்தான வச்சி அழ முடியும்?"

அந்தப் பேர் எழிலரசியின் வாய்வரை வந்தது. 

"உசுரோட இருக்கவங்க பேர எடுக்கக் கூடாதும்மா" என்றாள்.

பூங்காவனம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பொக்கை வாய் விரிந்தது.

"அதுவுஞ் சரிதான்" என்றாள். "நல்லாத்தான் வளத்துருக்கா உன்ன."